12 லட்சத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். வயது 62. கையில் 12 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒரு பகுதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் (8.2%) போட்டுவிட்டு, மீதியை அவசரத்துக்கு எடுக்கும்படி அஞ்சலக சேமிப்புக் கணக்கில் (4%) வைக்க எண்ணம். ஆண்டுக்கு 90,000 ரூபாய் வட்டி வர வேண்டும். பாதிப் பாதியாகப் போட்டால் போதவில்லை. எதில் எவ்வளவு போடலாம்? ஒன்பதாம் வகுப்புப் பேத்தி, ‘சமன்பாடு போடுங்க தாத்தா’ என்கிறாள்.

பதில்: பேத்தி பேச்சைக் கேளுங்கள் ஐயா. தெரியாத தொகை இரண்டு இருப்பதாகத் தோன்றும், உண்மையில் ஒன்றுதான். மூத்த குடிமக்கள் திட்டத்தில் ‘ப’ லட்சம் போட்டால், சேமிப்புக் கணக்குக்கு மிஞ்சுவது 12 − ப லட்சம். ஒரு லட்சத்துக்கு ஆண்டு வட்டி முதலாவதில் 8,200 ரூபாய், இரண்டாவதில் 4,000. ஆக,

8,200ப + 4,000(12 − ப) = 90,000

அடைப்பைப் பிரித்தால் 4,200ப + 48,000 = 90,000. அதாவது 4,200ப = 42,000; ப = 10. பத்து லட்சம் அங்கே, இரண்டு லட்சம் இங்கே. சரிபார்க்க: 82,000 + 8,000 = 90,000.

அந்த 4,200தான் இதில் முக்கியம். சேமிப்புக் கணக்கிலிருந்து ஒரு லட்சத்தை அந்தப் பக்கம் நகர்த்தினால் கூடுதலாகக் கிடைப்பது அவ்வளவு. பாதிப் பாதியில் உங்களுக்கு வருவது 73,200, குறைவது 16,800. நான்கு லட்சத்தை நகர்த்தினால் சரியாகிவிடும். பல வருடம் சில்லறை எண்ணியவருக்கு இது மனக்கணக்கு.

மாதம் 9,000 வேண்டும் என்று ஆசைப்பட்டால்? வலப்பக்கம் 1,08,000 ஆகும். ப 14-ஐத் தாண்டிவிடும். இருப்பதே 12 லட்சம்! எல்லாவற்றையும் 8.2 சதவீதத்தில் போட்டாலும் 98,400தான். அப்போது தப்பு கணக்கில் இல்லை, ஆசையில். 12 சதவீதம், 15 சதவீதம் என்று வீடு தேடி வருபவர்களுக்கு இந்த இடைவெளிதான் வசதி. கதவைச் சாத்திவிடுங்கள்.

என் கவலை வேறு: இந்த வயதில் கைக்கு எட்டும்படி இரண்டு லட்சம் போதுமா? மருத்துவச் செலவுக்கென ஐந்து லட்சம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும் என்றால் ப = 7; வட்டி 77,400, மாதம் 6,450. மூத்த குடிமக்கள் திட்டத்தின் காலம் 5 ஆண்டு; ஓராண்டுக்குள் முடித்துக்கொண்டால் வட்டியே கிடையாது, ஓராண்டு முடிந்து இரண்டாண்டு நிறைவதற்குள் என்றால் அசலில் 1.5% பிடிப்பார்கள், பிறகு 1%. காப்பீடு இல்லையென்றால் நான் ஏழு லட்சத்தையே தேர்ந்தெடுப்பேன்.

பத்து லட்சம்தான் என்று முடிவெடுத்தால், அதன் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாயாக வரும். மாதம் 7,500 செலவுக்கு, காலாண்டுக்கு 2,000 குறையும். அதைச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுங்கள். நிதியாண்டு முடிவில் அங்கே வட்டி ஏறும்போது ஏறக்குறைய ஈடாகிவிடும்.