வெளிநாட்டுப் படிப்பு: பெங்களூரு வாசகர்கள் கேட்டவை

வெளிநாட்டுப் படிப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். பெங்களூரு வட்டாரத்திலிருந்து வந்தவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறோம். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டும் முன் அந்தந்தப் பல்கலைக்கழகம், தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

என் மகன் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் ஏழாவது செமஸ்டர் படிக்கிறான். சிஜிபிஏ 8.2. ஜெர்மனியில் டேட்டா சயின்ஸ் மாஸ்டர்ஸ் படிக்க ஆசைப்படுகிறான். கன்சல்டன்சியில் எட்டு இடங்கள் எழுதிக் கொடுத்தார்கள், ஆறு தனியார். அரசுப் பல்கலைக்கழகம் கிடைப்பது கஷ்டமாம். என்ன செய்யலாம்?
ஒரு தாய், லிங்கராஜபுரம்

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஆள் சேர்த்துவிட்டதற்காக ஏஜென்டுகளுக்குப் பொதுவாகக் கமிஷன் தருவதில்லை. தனியார் நிறுவனங்கள் தருகின்றன. எட்டில் ஆறு தனியாராக இருப்பது உங்கள் மகனின் மதிப்பெண்ணால் என்று கலங்காதீர்கள்.

அவருடைய 8.2 அங்கே என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஜெர்மனியில் 1 சிறந்த மதிப்பெண், 4 பாஸ். முழு மதிப்பெண் 10-லிருந்து 8.2-ஐக் கழித்தால் 1.8. பத்திலிருந்து பாஸ் மதிப்பெண் 4-ஐக் கழித்தால் 6. 1.8-ஐ 6-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டினால் 1.9 வரும். 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் கேட்கும் படிப்புகள் நிறைய இருக்கின்றன, அவற்றுக்கு இது தாராளம். ஆனால் பாஸ் மதிப்பெண் 5 என்று யாராவது எடுத்துக்கொண்டால் அதே 8.2 ஏறக்குறைய 2.1 ஆகிவிடும். பாஸ் மதிப்பெண் எவ்வளவு என்பது தெளிவாக அச்சிடப்பட்ட கிரேடு விளக்கத்தாளை டிரான்ஸ்கிரிப்டோடு சேர்த்து வாங்கச் சொல்லுங்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் பாடங்களை எண்ணுகின்றன. அங்கே பாட அளவு ஈசிடிஎஸ் என்ற கிரெடிட்டில். முழு வருடத்துக்கு 60, நான்கு வருட பி.இ.க்கு 240. இங்கே மொத்தம் 160 கிரெடிட் என்றால், நம் ஒரு கிரெடிட்டுக்கு அங்கே ஒன்றரை. மெக்கானிக்கல் மாணவர் நான்கு கணிதத் தாள்கள், தலா 4 கிரெடிட் படித்திருந்தால் 24 ஈசிடிஎஸ். பெரும்பாலான இடங்களில் கணிதத்துக்கு அது போதும். கம்ப்யூட்டர் பக்கம் முதல் வருடத்து புரோகிராமிங் ஒரு தாள்தான் என்றால் 6 ஈசிடிஎஸ்கூடத் தேறுவது சந்தேகம். ஒரு படிப்பு கம்ப்யூட்டர் சயின்ஸில் 30 ஈசிடிஎஸ் கேட்டால், சிஜிபிஏ 9.5 இருந்தாலும் விண்ணப்பம் முதல் சுற்றிலேயே திரும்பிவிடும். 'நல்ல மார்க் இருந்தும் ஏழு இடத்திலும் ரிஜெக்ட்' என்று வருந்துபவர்கள் பலருக்கும் நடந்தது இதுதான். ஆன்லைன் சான்றிதழ்கள் இந்தக் கணக்கில் பெரும்பாலும் சேராது. கல்லூரி மார்க்ஸ் கார்டில் கிரெடிட்டாக ஏறியதைத்தான் எண்ணுவார்கள். எட்டாவது செமஸ்டரில் எலெக்டிவ் பாக்கி இருந்தால் புள்ளியியல் அல்லது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுப்பது உதவும்.

ஆகவே இந்த வாரமே ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி இணையதளத்தின் படிப்புத் தேடலில் ஆங்கில வழி மாஸ்டர்ஸ் படிப்புகளைத் தேடி, ஒவ்வொன்றின் சேர்க்கை விதியையும் திறந்து, அது கேட்கும் கிரெடிட்டைத் தன் மார்க்ஸ் கார்டோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். டேட்டா சயின்ஸில் கணக்கு இடித்தால் கம்ப்யூடேஷனல் மெக்கானிக்ஸ், மெக்கட்ரானிக்ஸ், ரோபாட்டிக்ஸ் பக்கம் பார்க்கலாம். அவற்றிலும் டேட்டா வேலை ஏராளம். படித்த நான்கு வருடமும் வீணாகாது. எங்கள் கருத்தில் அவருக்கு அதுவே மேல்.

அக்டோபரில் தொடங்கும் வகுப்புக்கு ஜூலை 15 என்ற கடைசி நாளை எல்லோரும் சொல்வார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல படிப்புகளில் மார்ச், ஏப்ரல், மே மாதத்திலேயே மூடிவிடுவார்கள். இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றிதழ் விசாவுக்குக் கட்டாயம். அதற்கான கட்டணம் 18,000 ரூபாய். அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதலில் அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் யூனி-அசிஸ்ட் வழியாக அனுப்பும் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஆறு போட்டால் 225 யூரோ.

கல்விக் கட்டணம் இல்லை என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்காலச் செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸ் படிப்புகள் பலவற்றுக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. இவை தவிர, விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட்டிருக்க வேண்டும். யூரோ 100 ரூபாய் என்றாலே 12 லட்சத்தை ஒட்டி வரும். அது செலவுப் பணம்தான். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் மகன் கைக்கே திரும்பும்.

படித்து முடித்து வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். அந்த 18 மாதத்தைப் பெரும்பாலும் தின்பது மொழி. இந்திராநகர் சி.எம்.எச். ரோட்டில் ஜெர்மன் மொழி கற்றுத்தரும் மாக்ஸ் ம்யூலர் பவன் இருக்கிறது. ஏ1, ஏ2 என்ற முதல் இரண்டு நிலைகளையும் புறப்படும் முன் இங்கேயே முடிப்பது நல்லது.

மகளின் மார்க்ஸ் கார்டில் 'கவிதா எஸ்' என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் பெயர் கவிதா. சர்நேம் கட்டம் காலி. இது பிரச்சினையாகுமா?
ஒரு தந்தை, ஸ்ரீராமபுரம்

ஆகும். இப்போதே சரிசெய்துவிடுங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போடும் நம் வழக்கம் வெளிநாட்டுக் கணினிகளுக்குப் புரியாது. சர்நேம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா அடித்தால் 'கவிதா' சர்நேம் இடத்துக்குப் போய், பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று மூன்று எழுத்து வந்து உட்காரும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பிறகு பல்கலைக்கழக ஐடி, வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ் எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொள்ளும்.

ஐஇஎல்டிஎஸ், டோஃபெல், ஜிஆர்இ எதற்கும் பதிவு செய்யும் முன், சர்நேம் கட்டத்தில் உங்கள் பெயரை முழுதாகப் போட்டு பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ செய்து வாங்குங்கள். அதன்பின் எந்தப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். தேர்வுப் பதிவில் 'கவிதா எஸ்' என்று கொடுத்துவிட்டால் தேர்வு மையத்தில் உள்ளே விடாமல் போகலாம், கட்டணமும் திரும்பாது. மார்க்ஸ் கார்டை மாற்றத் தேவையில்லை. 'கவிதா எஸ்' என்பவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவரே என்று ஸ்டாம்ப் பேப்பரில் அஃபிடவிட் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, எல்லா விண்ணப்பத்தோடும் ஸ்கேன் செய்து சேர்த்துவிடுங்கள். மகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: அங்கே பேராசிரியர்கள் அவரை உங்கள் பெயரால் 'மிஸ்' போட்டு அழைப்பார்கள்.

நீட்டில் தகுதி பெற்றாயிற்று, இங்கே சீட் இல்லை. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர எதைப் பார்க்க வேண்டும்?
ஒரு மாணவி, கே.ஜி.எஃப்.

2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகள்தான் அளவுகோல். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். பயிற்று மொழி ஆங்கிலம். அதே கல்லூரியில் 12 மாதம் இன்டர்ன்ஷிப். அந்தப் பட்டத்தை வைத்து அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய முடியாது. பாதியில் வேறு கல்லூரிக்கு மாறினாலும் அதே கதி. நான்கையும் கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள், ஏஜென்டின் வாய்ப்பேச்சு போதாது. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் மருத்துவமனையில் நோயாளி அந்த ஊர் மொழியில்தான் பேசுவார். மொழி வகுப்பு எத்தனை செமஸ்டர் என்று கேளுங்கள். திரும்பியதும், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வில் 300-க்கு 150 எடுத்து, இங்கேயும் 12 மாதம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும்.

பி.ஏ. எகனாமிக்ஸ் முடிக்கிறேன். அமெரிக்காவில் எகனாமிக்ஸ் மாஸ்டர்ஸ் இரண்டு இடங்களில் கிடைத்திருக்கிறது. ஒன்று ரேங்கிங்கில் மேலே, மற்றது 'ஸ்டெம்' என்கிறார்கள். எதை எடுக்கட்டும்?
ஒரு மாணவி, விவேக் நகர்

ரேங்கிங் பட்டியலில் தெரியாத, படிப்பின் பாடப்பிரிவைக் குறிக்கும் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சிஐபி கோடு. பொது எகனாமிக்ஸ் 45.0601, அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) கணக்கில் வராது. எகனோமெட்ரிக்ஸ், குவான்டிடேடிவ் எகனாமிக்ஸ் 45.0603, அது வரும். படித்தபின் ஓபிடி என்ற வேலை அனுமதி எல்லோருக்கும் 12 மாதம், ஸ்டெம் என்றால் மேலும் 24 மாதம். அதன்பின் வேலையில் தொடரத் தேவையான எச்1பி விசா வருடத்துக்குப் பொதுவாக 85,000 பேருக்குத்தான், அதுவும் குலுக்கலில். 12 மாதம் மட்டுமே இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒரே வாய்ப்பு; 36 மாதம் இருப்பவருக்கு மூன்று.

படிப்பின் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். இரண்டு பல்கலைக்கழகங்களின் சேர்க்கை அலுவலகத்துக்கும் 'இந்தப் படிப்பின் சிஐபி கோடு என்ன?' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பல்கலைக்கழகம் விசாவுக்காக அனுப்பும் ஐ-20 படிவம் வந்ததும் பாடத்தின் பெயருக்கு அருகே அதே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகு 350 டாலர் செவிஸ் கட்டணத்தைக் கட்டுங்கள். கடன் வாங்கிப் போவதாக இருந்தால் இரண்டாவதையே நாங்கள் சொல்வோம். ஆனால் கணிதம் பிடிக்காதவர் என்றால் அந்தப் படிப்பில் முதல் செமஸ்டரே மூச்சுமுட்டும். அதையும் யோசியுங்கள்.

இங்கிலாந்தில் ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு மகனுக்கு 40 லட்சம் கடன் கேட்கிறோம். வீட்டை அடமானம் வைக்கலாமா?
ஓய்வு பெற்றவர், ஜாலஹள்ளி

முதலில் தவணை. 40 லட்சம், 10.5 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய 54,000 ரூபாய். படிப்புக் காலமும் அதன்பின் கொடுக்கும் அவகாசமும் சேர்ந்து இரண்டு வருடம் வட்டி கட்டாமல் விட்டால், அதிகபட்சம் 8.4 லட்சம் அசலில் ஏறும். தவணை 65,000 ஆகிவிடும். பவுண்ட் 115 ரூபாய் என்றால் மாதம் ஏறக்குறைய 570 பவுண்ட். ஆகவே படிக்கும்போதே மாதா மாத வட்டியை, அதிகபட்சம் 35,000 ரூபாயை, உங்களால் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் கடனைக் குறைக்கும் வழியைத் தேடுவதுதான் நல்லது.

படித்தபின் தங்கும் கிராஜுவேட் விசா இரண்டு வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். அதற்குள் வேலை கிடைத்து விசா மாறாவிட்டால் தவணை இந்தியச் சம்பளத்திலிருந்து போக வேண்டிவரும். அந்த நிலையிலும் வீட்டுச் செலவு ஓடுமா என்று கணக்குப் போட்டுவிட்டு வீட்டுப் பத்திரத்தை எடுங்கள்.

அடமானம் என்று முடிவானால் கத்தாவை, அதாவது மாநகராட்சியின் சொத்துப் பதிவை, பாருங்கள். பி கத்தா வீட்டுக்குப் பெரும்பாலான வங்கிகள் கடன் தருவதில்லை. ஏ கத்தா, வரி ரசீது, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் எல்லாவற்றையும் வங்கி வழக்கறிஞர் பார்த்து முடிக்க ஒரு மாதம்கூட ஆகலாம். அட்மிஷன் கடிதம் வரும்வரை காத்திராமல் இப்போதே எடுத்து வையுங்கள். கல்விக் கடனாக அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தம் இல்லை.

கடனுக்கு மேல் கைப்பணத்தையும் விசாவுக்குக் காட்டுவதானால், அது கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். நடுவில் ஒரே நாள் தேவையான தொகைக்குக் கீழே இறங்கினாலும் விசா மறுப்புதான். அந்த மாதத்தில் இன்சூரன்ஸ் பிரீமியமோ சீட்டுப் பணமோ அந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகாதபடி வங்கியில் முன்கூட்டியே சொல்லி நிறுத்திவையுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் மகனின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் ஒப்புதல் கடிதமும் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் இனிஷியலோடு இருந்து பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருந்தால், மேலே ஸ்ரீராமபுரம் வாசகருக்குச் சொன்ன அஃபிடவிட் உங்களுக்கும் ஒன்று தேவைப்படும்.