இரவல் உடைகளோடு ஒரு தொழில்

காட்பாடியிலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு வணக்கம். ஆடை வடிவமைப்பில் பட்டம் முடித்துவிட்டதாகவும், லண்டனில் முதுகலை படித்து, படப்பிடிப்புகளுக்கு உடைகளைத் தேர்ந்து மாட்டிவிடும் ஃபேஷன் ஸ்டைலிஸ்ட் ஆக விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கல்லூரி நல்லது, மாதச் செலவு எவ்வளவு ஆகும், குளிரைத் தாங்க முடியுமா, படித்துக்கொண்டே ஸ்டைலிஸ்டுகளிடம் உதவியாளராகச் சேர்ந்து சம்பாதிக்கலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். குளிரைப் பற்றி நான் எழுதப் போவதில்லை; வேலூர் வெயிலில் வெந்த உடம்பு எதையும் தாங்கும். கல்லூரிகள் தங்களைப் பற்றித் தாங்களே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கின்றன. செலவுக் கணக்கை, ஈஸ்ட் ஹாமில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் எந்த மாணவரும் என்னைவிடச் சரியாகச் சொல்வார். கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் 2010 செப்டம்பரில் குடியாத்தத்திலிருந்து இங்கே வந்து இறங்கியபோது நானும் அதே கணக்கைத்தான் போட்டு வைத்திருந்தேன்.

அந்தக் கணக்கு தப்பு. பிரிட்டனின் மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பதை ஏஜென்டுகள் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அதே விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது என்ற வரியை மட்டும் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. ஸ்டைலிஸ்டின் உதவியாளருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. வேலை செய்த நாட்களுக்கு பில் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்க வேண்டும், சட்டத்தின் பார்வையில் அதற்குப் பெயர் சுயதொழில். எனவே மாணவராக இருக்கும்வரை அந்தப் பணத்தை நீங்கள் தொட முடியாது. கூலி வேண்டாம், கற்றுக்கொள்ளத்தான் போகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் கூலியில்லாமல் ஒருவரிடம் செய்யும் வேலையும் அந்த 20 மணி நேரத்துக்குள்தான் வரும்.

படிப்பு முடிந்தபின் கிடைக்கும் கிராஜுவேட் விசாவில் சுயதொழில் செய்யலாம். அது இப்போது இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குப் பிறகும் இங்கேயே தங்க வேண்டுமென்றால், ஒரு முதலாளி உங்களுக்கு ஸ்பான்சர் செய்து, பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 41,700 பவுண்டு சம்பளம் தர வேண்டும். நாளுக்கொருவரிடம் வேலை செய்யும் ஸ்டைலிஸ்டுக்கு முதலாளி யார்? நான் இன்றைக்கும் இங்கே இருப்பது திறமையால் என்று என் சொந்தக்காரர்கள் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். விசா முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2013இல், இங்கே குடியுரிமை பெற்றிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டதால்தான் இருக்கிறேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு நம்பிக்கை ஊட்டுவது நியாயமாகாது.

இனி, தொழிலைப் பற்றி. இந்தத் தொழிலில் ரசனையைவிட முதலில் தேவைப்படுவது கணக்கு. படப்பிடிப்பில் நீங்கள் பார்க்கும் உடைகளில் பெரும்பாலானவை இரவல். ஒவ்வொரு பிராண்டின் விளம்பரப் பிரிவுக்கும் எழுதி, இன்ன பத்திரிகைக்கு, இன்ன தேதியில் படம் எடுக்கிறோம் என்று சொல்லி சாம்பிள்களை வாங்க வேண்டும். கடைக்கு வருவதற்கு முன்பே தைக்கப்பட்ட அந்த உடை பல நேரங்களில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இன்று உங்களிடம் இருப்பது நாளை மறுநாள் வேறு நாட்டுப் பத்திரிகையிடம் இருக்க வேண்டும். கூரியரில் பை வந்ததும் சீட்டில் உள்ளதையும் பைக்குள் உள்ளதையும் ஒன்றுக்கு ஒன்று சரிபார்ப்பது, ஏற்கெனவே இருக்கும் கறையையும் கிழிசலையும் படமெடுத்து வைப்பது, காலணியின் அடிப்பாகம் தேயாமல் டேப் ஒட்டுவது, முடிந்தபின் அதே ஹேங்கரில் மாட்டி, அதே பையில் போட்டுத் திருப்பி அனுப்புவது எல்லாம் உதவியாளரின் வேலை. இதை என் அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று நான் திணறியபோது, கல்யாண வீட்டுக்கு இரவல் நகை வாங்கிக்கொண்டு போன பொம்பளை மாதிரி இரு என்று அவரே சொல்லிவிட்டார்.

அப்படி இருந்தும் ஒருமுறை இரவல் உடை ஒன்று என் கையிலேயே கெட்டது. 2012 ஜனவரியில், கூலியில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த ஒரு படப்பிடிப்பில், தந்த நிறப் பட்டுச் சட்டை ஒன்றை நீராவி பிடிக்கச் சொன்னார்கள். ஸ்டீமர் சூடேறுவதற்குள் நான் அவசரப்பட்டதால், குழாய் வாயிலிருந்து நீராவிக்குப் பதிலாக வெந்நீர் தெறித்து, மார்புப் பக்கத்தில் நாலைந்து துளிகள் விழுந்தன. பருத்தி என்றால் அது காய்ந்து மறைந்துவிடும். நான் லுங்கி நெய்தவரின் மகள், பருத்தி மட்டுமே தெரிந்த கை. பட்டில் ஒவ்வொரு துளியும் காய்ந்தபின் விளிம்பு கட்டிய வட்டமாக நின்றது. முதலில் குழாயைத் தரையைப் பார்த்துப் பிடித்துத் தண்ணீரை வடிய விட வேண்டும், சட்டையை உட்புறம் திருப்ப வேண்டும், தையல் மடிப்பில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. அந்த ஸ்டைலிஸ்ட் சத்தம்கூடப் போடவில்லை. ஒரு வாரம் கழித்து 380 பவுண்டு கட்டச் சொல்லி எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கூலியே இல்லாத வேலைக்கு அபராதத்தை நான்கு தவணையாகக் கட்டினேன். யார் பெயரில் உடைகள் இரவல் வாங்கப்படுகின்றன, சேதமானால் யார் பொறுப்பு, காப்பீடு யார் பெயரில் இருக்கிறது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் எந்தப் பையையும் திறக்காதீர்கள்.

பத்திரிகைப் படப்பிடிப்புகள் பெரும்பாலும் உங்கள் பெயரைச் சின்ன எழுத்தில் அச்சிடும், அவ்வளவுதான். வீட்டு வாடகை கட்டுவது இணையக் கடைகளின் ஸ்டூடியோ வேலை. வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரே நாளில் முப்பது சட்டைகளைக்கூட மாட்டிக் கழற்றியிருக்கிறேன், அதை மட்டமாகப் பேசுபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. நாம் பில் கொடுத்தபின் பணம் தராமல் மூன்று மாதம் இழுத்தடிப்பவர்களும் உண்டு. தாமதமான வணிகக் கடனுக்கு இங்கிலாந்து வங்கியின் அடிப்படை விகிதத்தோடு 8 சதவீதம் சேர்த்து வட்டி கேட்கலாம் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அடுத்த வேலை கிடைக்காது என்ற பயத்தில் யாரும் கேட்பதில்லை. நான் இருமுறை கேட்டேன், ஒருமுறை கிடைத்தது.

வெள்ளைக்காரர்களை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. மாணவியாக இருந்தபோது வார இறுதிகளில் நம்மவர் ஒருவரின் சேலைக் கடையில் நின்றேன். சட்டப்படி அப்போதைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.93 பவுண்டு, அவர் தந்தது மூன்றரை, அதையும் ஊர்ப் பாசம் என்று சொல்லித்தான் தந்தார். கோயில் திருவிழாவில் பார்க்கும்போது, இன்னும் அந்தத் துணி மாட்டுற வேலைதானா என்று அவர் இப்போதும் விசாரிக்கிறார்.

எனக்கு முதன்முதலில் முழு நாள் கூலி வாங்கித் தந்தது ஒரு கட்டம் போட்ட சட்டை. மாடல் மெலிந்தவராக இருந்ததால் சட்டையின் முதுகைக் கொத்தாகப் பிடித்து கிளிப் போட்டிருந்தார்கள். படத்தில் முன்பக்கம் மட்டும் தெரிந்தால் போதும் என்பதால் எல்லா இடத்திலும் செய்வதுதான் அது. ஆனால் கிளிப் ஒரு பக்கமாக இழுத்ததில் இடப்பக்கக் கோடுகள் சாய்ந்துவிட்டன. விளக்கை மாற்றினார்கள், மாடலை நிமிர்ந்து நிற்கச் சொன்னார்கள். ஏதோ சரியில்லை என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் லுங்கியை மடிக்கும்போது ஓரக் கட்டத்தின் மேல் ஓரக் கட்டம் உட்காராவிட்டால், அப்பா ஒன்றும் பேசாமல் உதறி என் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். அந்தப் பழக்கத்தில் கிளிப்புகளைக் கழற்றி, இரண்டு பக்கத் தையலிலும் சம அளவு பிடித்துப் போட்டேன், கோடுகள் நேராக நின்றன. அன்று மாலை அந்த ஸ்டைலிஸ்ட் என் எண்ணை வாங்கிக்கொண்டார், அடுத்த நான்கு ஆண்டுகள் என்னை அவர்தான் அழைத்தார்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தத் திண்ணையில்தான் உட்காருகிறேன், தறி இப்போது இல்லை. நீங்கள் கட்டணம் கட்டுவதற்கு முன்பு சென்னையில் யாராவது ஒரு ஸ்டைலிஸ்டிடம் ஆறு மாதம் உதவியாளராக இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வர வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள். உங்கள் கல்லூரியில் பட்டுக்கு நீராவி பிடிக்கக் கற்றுத் தந்தார்களா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.