வண்ணத்தின் மேல் வெண்படலம் ஏன்?

கேள்வி: 1:72 அளவில் ஹரிகேன் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியைச் செய்து வருகிறேன். லாக்கர் எனும் விரைந்து உலரும் வண்ணத்தைத் தெளித்ததும் மேலே வெண்மை படர்கிறது. இதை எப்படித் தவிர்ப்பது? இரண்டாம் உலகப் போரில் பர்மா போர்முனையில் பறந்த இந்திய விமானமாக இதை எவ்வாறு முடிப்பது?
– வாசகர், குளச்சல்

பதில்: குறை உங்கள் கையில் இல்லை, காற்றில் இருக்கிறது. வண்ணத்தை நீர்க்கச் செய்யும் தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடுவதால், கடற்காற்றின் ஈரம் அதன்மேல் நுண்துளிகளாகப் படிகிறது. இரு பருவமழைகளும் பெய்யும் நம் மாவட்டத்தில் இத்தொல்லை ஆண்டின் பல மாதங்களில் உண்டு. மழை வெறித்து வெயில் ஏறிய பிறகு, மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்து, மெல்லிய பூச்சுகளாகத் தெளியுங்கள். ஏற்கெனவே வெளுத்த இடத்தில் அந்தத் தின்னரை மட்டும் லேசாகத் தெளித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விமானத்தின் மேற்பக்கத்துக்குக் கரும்பச்சையும் மண்பழுப்பும் பொருந்தும். விமானத்தில் ஒட்டும் படைச் சின்னத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். வழக்கமான பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் நடுவிலுள்ள சிவப்பு, ஜப்பானிய விமானங்களின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் விளைவிக்கும் என்பதால், அப்போர்முனையில் அது நீக்கப்பட்டது. கருநீலத்தின் நடுவே வெண்மையோ இளநீலமோ இருக்கும். அர்ஜன் சிங் தலைமையில் 1944இல் இம்பாலில் ஹரிகேன்களை ஓட்டிய இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவின் விமானத்தை உருவாக்க விரும்பினால், சிவப்புள்ள சின்னத்தை ஒட்டவே கூடாது. ஒட்டுமுன் பளபளப்பான வார்னிஷ் பூசி, நன்கு உலரவிடுங்கள். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி, ஓரங்கள் வெள்ளிபோல் மின்னும்.