'உதவி மேலாளர்' என்ற பெயரும் மறுக்கப்படும் மிகைநேர ஊதியமும்

வணக்கம். டெக்சாஸில் ஒரு கடையில் வாரம் 700 டாலர் நிலையான சம்பளத்துக்கு 55 மணி நேரம் உழைப்பதாகவும், 'உதவி மேலாளர்' என்பதால் மிகைநேர ஊதியம் கிடையாது என்று நிர்வாகம் கைவிரிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பதவிப் பெயர் மட்டும் அந்த உரிமையைப் பறித்துவிடாது. 1938-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டப்படி, வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும். நீங்கள் மேலாளர் என்று சொல்லி நிர்வாகம் இந்த விதியிலிருந்து விலக்குக் கோர, வாரச் சம்பளம் 684 டாலருக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் போதாது, நிர்வகிப்பதே உங்கள் முதன்மைப் பணியாக இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு முழுநேர ஊழியர்கள் உங்கள் மேற்பார்வையில் இருக்க வேண்டும், ஆள் சேர்ப்பதிலும் நீக்குவதிலும் உங்கள் சொல் எடுபட வேண்டும். நாள் முழுவதும் கல்லாவில் நிற்பதும் சரக்கு அடுக்குவதுமே வேலை என்றால், நியாயம் பெரும்பாலும் உங்கள் பக்கமே. 2024-இல் இந்த வாரச் சம்பள வரம்பை 844 டாலராக உயர்த்திய விதியை டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்திராவிட்டால், இந்த வாதமே தேவைப்பட்டிருக்காது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

வேலைக்கு வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் சொந்தக் குறிப்பேட்டில் இன்றே எழுதத் தொடங்குங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னோக்கி 2 ஆண்டுகளுக்கும், வேண்டுமென்றே மீறியது நிரூபணமானால் 3 ஆண்டுகளுக்குமே பாக்கி கோரலாம். தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். ஆனால் அந்தப் புகார் நீங்கள் தனியே தொடுக்கும் வழக்குக்கான காலக்கெடுவை நிறுத்தாது என்பதால், வழக்கறிஞரையும் உடனே பாருங்கள். புகார் செய்ததற்காக வேலையை விட்டு நீக்குவதும் சட்டவிரோதமே.