மினியேச்சர் பஸ் விற்க ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில் ஃபோம் ஷீட்டில் தனியார் பஸ்களின் மினியேச்சர் செய்து, ஒன்று 4,000 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். பத்து நாளுக்கு ஒன்று முடிகிறது. இதையே தொழிலாக்க, எல்லாப் பதிவும் எடுத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒரு பைசாவும் கிடையாது. ஜிஎஸ்டி பதிவுக்கும் கிடையாது. உத்யமுக்கு ஆதார், பான், கைப்பேசி போதும். ஆனால் இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை அரசுத் தளம் போலவே வேடமிட்ட தனியார் தளங்கள். சுடுமண் நகை செய்யும் பெண் ஒருவர் அப்படி 2,999 ரூபாய் கட்டிவிட்டு என்னிடம் வந்தார். அவர் கையில் இருந்தது, இலவசமாக அச்சிட்டுக்கொள்ளக்கூடிய அதே சான்றிதழ். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டுக்குள் விற்கும்வரை, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி. அதற்கு நீங்கள் வருடத்துக்கு 1,000 பஸ் செய்யவேண்டும். இப்போது செய்வது 36. ஆனால் பாலக்காட்டு ரசிகர் ஒரே ஒரு பஸ் கேட்டாலும் பதிவு கட்டாயம். வீட்டிலிருந்தபடி வெளிமாநிலத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது போன்ற சேவை செய்பவருக்கு 20 லட்சம் வரை இந்தத் தொல்லை இல்லை. அரசின் கைவினைப் பட்டியலில் இல்லாத பொருளைக் கையால் ஒட்டிச் செய்து விற்பவருக்கு உண்டு. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஏஜென்ட் சொல்லியிருக்கமாட்டார், இதைக் கவனியுங்கள். விளம்பரத்தில் ‘பொம்மை’, ‘குழந்தைகளுக்கு ஏற்றது’ என்று எழுதாதீர்கள். 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடுவதற்கான பொருளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். குழந்தைகளுக்கு மட்டுமேயானது அல்ல என்று வாதாடியும் தப்ப முடியாது. ‘மட்டுமே’ என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை. பெயரை மாற்றினால் மட்டும் போதாது, பொருளும் அலமாரிக்கானதாகவே இருக்கவேண்டும். சக்கரம் உருளவேண்டாம், அடியில் பலகை வைத்து பஸ்ஸைத் திருகாணியால் அதோடு இறுக்கிவிடுங்கள். பில்லில் ‘பெரியவர்களுக்கான காட்சி மாதிரி’ என்றே எழுதுங்கள். பிறந்தநாள் பரிசாகக் குழந்தைக்கு வேண்டும் என்று வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.

பக்கவாட்டில் நிறுவனப் பெயரை எழுதும் முன் உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி சம்மதம் வாங்கிவிடுங்கள். பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள், தங்கள் அலுவலக மேஜைக்கும் ஒன்று கேட்பார்கள். அதற்கும் முன்பணம் வாங்குங்கள்.