புது ஏர் ரைபிளின் டிரிகர் கல்லு மாதிரி இருக்கிறது, அரம் போட்டுத் தேய்க்கலாமா?

தேய்க்கவே தேய்க்காதீங்க. பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் விளிம்பு பல துப்பாக்கிகளில் மேல்தோல் அளவுக்குத்தான் கடினமாக்கப்பட்டிருக்கும். அது போனால் கைபடாமலே வெடிக்கும்.

முதலில் அளந்து பாருங்கள். குண்டு போடாமல், ஸ்பிரிங்கை ஏற்றாமல் டிரிகரை இழுத்தால், இழுக்க எவ்வளவு எடை வேண்டும் என்பது சரியாகத் தெரியாது. குண்டு போட்டு, குழலை இலக்கை நோக்கி வைத்து, கொக்கி வைத்த கைத்தராசால் மெதுவாக இழுங்கள். நாகர்கோவிலில் நான் வாங்கிய புதுசு, பெட்டி நிறுக்கும் தராசில் மூன்றரை கிலோ காட்டியது! அதில் ஒரு பகுதிக்குக் காரணம், உள்ளே அப்பியிருந்த கெட்டி கிரீஸ். மெக்கானிக்கிடம் கழற்றிச் சுத்தம் செய்து, துளி மாலிப்டினம் கிரீஸ் வைத்து, முந்நூறு குண்டு சுட்டபின் இரண்டேகாலுக்கு வந்தது.

டிரிகருக்குப் பின்னால் உள்ள குட்டி ஸ்க்ரூ பெரும்பாலும் எடையைக் குறைக்காது. இழுக்கும் தூரத்தைத்தான் மாற்றும். கால் திருப்புக்கு மேல் போகாதீங்க. திருப்பியபின், குண்டோடு, இலக்கை நோக்கியபடி துப்பாக்கிக் கட்டையை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். சுட்டுவிட்டால் பழையபடி திருப்பிவிடுங்கள்.

முட்டம், குளச்சல் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. ஆடிச் சாரலில் துடைக்காமல் வைத்தால் துருவே டிரிகரை முரடாக்கிவிடும்.