காபி ருசித்ததா?

கேள்வி: எனக்கு 44 வயது. வேலை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் நல்லபடியாகப் போகிறது. ஆனாலும் முன்பு ஆசையாகச் செய்த எதுவும் இப்போது பிடிப்பதில்லை. வெறும் அலுப்புதானா?
– வாசகி, திருச்சி

பதில்: இதைக் கேட்கத் தோன்றியதே நல்லது, சகோதரி. பெரிய சந்தோஷங்களை விடுங்கள், இன்று காலை குடித்த காபியை நினைத்துப் பாருங்கள். டிகாக்‌ஷன் வாசனை மூக்கில் ஏறியதா, இல்லை குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே, ஆடை படிந்த பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைத் தொட்டியில் போட்டீர்களா? அப்படியென்றால் நேரமின்மையே காரணமாக இருக்கலாம். ராத்திரி படுக்குமுன் காலண்டர் தாளில் அன்றைக்குப் பிடித்திருந்தது எது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒன்றுமே இல்லாத நாளில் வெறும் கோடு போடுங்கள், பொய்யாக நிரப்ப வேண்டாம்.

சரி, ஓய்வு கிடைத்தும், பிடித்த பாட்டைப் போட்டும் மனசு ஒட்டவில்லை, 2 வாரமாக அநேகமாகத் தினமும் இப்படித்தான் என்றால், அதை அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. தைராய்டு குறைவு, ரத்தசோகைகூட ஆளைச் சோர்த்துவிடும், அதனால் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.